ஹோட்டல் கலிபோர்னியா: 1976 பதிவா, 1994 பதிவா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கொஞ்சம் விலை கூடிய ஸ்பீக்கர் பாக்ஸ் பார்க்கப் போனால், கடையில் போட்டுக் காட்டும் முதல் நாலைந்து பாட்டில் ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஹோட்டல் கலிபோர்னியா பெரும்பாலும் இருக்கும். நைலான் கம்பியில் ஒரு கிட்டார் தனியாக ஓடிவரும், கூட்டம் கை தட்டும், பிறகு வயிற்றில் வந்து மோதுகிற ஒரு டிரம் அடி விழும். அந்த அடியைக் கேட்டே பாக்ஸைப் பிடித்துப்போய் வாங்குகிறவர்கள் உண்டு. அது 1994-ல் பார்வையாளர் முன்னிலையில் எடுத்த பதிவு. கிட்டார் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதோ 1976 டிசம்பர் 8 அன்று வெளிவந்த ஆல்பப் பதிவு. இரண்டுக்கும் சுருதி ஒன்று, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) சுற்று ஒன்று. ஆனால் வேலைப்பாடு வேறு, பயன் வேறு. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைக்க வேண்டியது 1976 பதிவுதான். 1994 பதிவுக்கும் ஒரு வேலை இருக்கிறது, ஆனால் கடையில் அதற்குக் கொடுக்கிற வேலை அதுவல்ல.

முதலில் 1976 பதிவு உருவான விதம். பாட்டின் உடம்பு கிட்டாரிஸ்ட் டான் ஃபெல்டருடையது. மாலிபு கடற்கரையில் வாடகை வீட்டில் இருந்தபோது நாலு டிராக் ரெக்கார்டரில் அவர் எடுத்துவைத்த பல துண்டுகளில் ஒன்று இது. கேசட்டில் போட்டு, குழுவைச் சேர்ந்த டான் ஹென்லிக்கும் கிளென் ஃப்ரேக்கும் கொடுத்தார். ஆஃப்-பீட்டில் வெட்டும் ரெகே ரிதமும் ஸ்பானிஷ் சாயலும் கலந்திருந்ததால் குழுவுக்குள் அதற்கு வைத்த தற்காலிகப் பெயர் மெக்சிகன் ரெகே. வரிகளில் பெரும்பகுதி ஹென்லி எழுதினார். டிரம்ஸ் அடித்தவரும் பாடியவரும் அவரே. தயாரிப்பாளர் பில் சிம்சிக். பதிவு லாஸ் ஏஞ்சலஸ் ரெக்கார்டு பிளாண்டிலும் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டுடியோவிலும் நடந்தது.

முதல் முயற்சி இ மைனரில். கிட்டாருக்கு அது சொந்த வீடு மாதிரி, திறந்த கம்பிகள் எல்லாம் கூடவே ஒலிக்கும். ஆனால் ஹென்லியின் குரலுக்கு அது மிக உயரம். படிப்படியாக இறக்கி இறக்கி பி மைனரில் வந்து நின்றார்கள். பாடுகிறவருக்காகச் சுருதி மாற்றுவது நம் ஊர் பாடகர் குழுக்களில் வாரந்தோறும் நடக்கிற காரியம். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனைச் சில தடவை அழுத்தினால் முடிந்தது. கிட்டாருக்கு அந்த வசதி கிடையாது. பி மைனரில் எஃப் ஷார்ப் வேறு அடிக்கடி வரும், பாட்டு முழுக்க பாரே (ஒரே விரலை எல்லாக் கம்பியின் மேலும் படுக்கவைத்து அழுத்துவது) பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், திறந்த கம்பியின் மணி ஓசையும் போய்விடும். இதற்கு ஃபெல்டர் கண்ட வழிதான் பாட்டின் அடையாளமானது. கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும் 12 கம்பி கிட்டாரில், ஏழாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) கேப்போ என்ற அழுத்துக் கிளிப்பைப் போட்டு, பழைய இ மைனர் பிடிகளையே வைத்துக்கொண்டார். பாட்டின் தொடக்கத்தில் கேட்கிற அந்தக் கண்ணாடி போன்ற ஒலி அங்கிருந்து வருகிறது.

இரண்டாவது முயற்சியில் சுருதி சரியானது, வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. மூன்றாவது முயற்சி மயாமியில். அங்கே பல முறை முழுதாக வாசித்து, அவற்றிலிருந்து நல்ல இடங்களை எடுத்து ஒட்டினார் சிம்சிக். இரண்டு அங்குல அகல மாஸ்டர் டேப்பில் 33 வெட்டுகள். இன்றைக்குக் கணினித் திரையில் வெட்டி ஒட்டுவதோடு இதை ஒப்பிட முடியாது. டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடினால், இந்தப் பாட்டின் வேகத்தில் ஒரு பீட்டுக்கு சுமார் 12 அங்குல டேப், 30 அங்குல வேகம் என்றால் 24 அங்குலம். டிரம் அடி விழும் புள்ளியைக் கையால் டேப்பை முன்பின் ஆட்டிக் கேட்டுக் கண்டுபிடித்து, பிளேடால் அறுத்து, பின்பக்கம் ஒட்டுநாடா போட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் உடனே கேட்காது. பத்து வெட்டில் பத்துத் தப்பு சேர்ந்தால் தாளம் நொண்டும். இந்தப் பதிவில் எந்த இடத்தில் வெட்டு என்று ஹெட்போன் போட்டுத் தேடினாலும் பிடிபடாது. 33 முறையும் கை தவறவில்லை.

கடைசி கிட்டார் பகுதி தனிக் கதை. ஏறக்குறைய 4:20-ல் தொடங்கி 6:30-ல் மங்கி முடிகிறது. ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, இறுதியில் இருவரும் சேர்ந்து இசைவாக இறங்குகிறார்கள். வால்ஷ் குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. ஸ்டுடியோவில் புதிதாக ஏதாவது வாசிக்கலாம் என்றுதான் இருவரும் உட்கார்ந்தார்கள். ஹென்லி நிறுத்தினார்: ஃபெல்டர் முதலில் கொடுத்த மாதிரிப் பதிவான டெமோவில் இருந்தது போலவே வேண்டும். டெமோ கேசட் மாலிபு வீட்டில், அவர்கள் இருந்ததோ நாட்டின் மறுகரையில். ஃபெல்டர் வீட்டு வேலையாளுக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடி எடுக்கச் சொல்லி, டேப் ரெக்கார்டரைப் போன் ரிசீவரிடம் பிடிக்கச் சொன்னார். போனில் வந்ததைப் பதிவு செய்து, தான் வாசித்ததைத் தானே திரும்பக் கற்றுக்கொண்டார். அந்த இரண்டு நிமிடத்துக்கு மூன்று நாள் ஆனது.

அந்தப் பிடிவாதத்தின் பலனைக் கேட்கிறவர்கள் இன்றைக்கும் அனுபவிக்கிறார்கள். பெரும்பாலான ராக் பாட்டுகளில் கிட்டார் தனி வாசிப்பு அந்த நேரத்தின் மனநிலை. மறுநாள் வாசித்தால் வேறாக வரும். இங்கே ஒவ்வொரு ஸ்வரமும் கீழே ஓடும் கார்டுக்கு இணங்க வைத்தது. வாயால் முணுமுணுக்க முடியும். வார்த்தை புரியாத ஊரில்கூட இந்தப் பாட்டு நிலைத்ததற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறோம். தோவாளையிலும் தக்கலையிலும் இரண்டு சரணத்துக்கு மேல் வரி தெரியாதவர்கள், அந்தக் கடைசி இறக்கத்தை ஸ்வரம் தப்பாமல் வாயால் இசைப்பார்கள்.

ஆறரை நிமிடப் பாட்டை வானொலிக்காகச் சுருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது குழு மறுத்துவிட்டது. 1977 பிப்ரவரியில் முழு நீளத்தோடு சிங்கிளாக வந்து, மே மாதம் ஒரு வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1978-ல் நடந்த விழாவில் ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி. 2018 கணக்குப்படி அமெரிக்காவில் மட்டும் ஆல்பத்துக்கு 26 பிளாட்டினம் விற்பனைச் சான்று.

இனி 1994. குழு 1980-ல் கலைந்து, 14 வருடம் கழித்துக் கூடியபோது கலிபோர்னியாவின் பர்பாங்கில் ஒரு ஸ்டுடியோவில் ரசிகர்களை உட்காரவைத்து எடுத்தது. அந்த நவம்பரில் ஹெல் ஃப்ரீசஸ் ஓவர் என்ற ஆல்பமாக வந்தது. மின் கிட்டார்களுக்குப் பதில் நைலான் கம்பிக் கிட்டார்கள், கையால் அடிக்கும் தாள வாத்தியங்கள், ஃபெல்டரின் ஸ்பானிஷ் பாணி முன்னுரை என்று நீளம் ஏழு நிமிடத்தைத் தாண்டும். ஒலிப்பதிவு மிகச் சுத்தம். விரல் கம்பியை விடுகிற ஒலிகூடத் தெளிவாக விழும். டிவிடி வந்தபோது, சுற்றிலும் கேட்கும் 5.1 ஒலிக்கு இதுவே எங்கும் மாதிரிப் பாட்டானது.

பாக்ஸ் சோதிக்க இதை மட்டும் நம்பினால் என்ன கெடும்? முன்னுரை முடிந்து விழும் அந்த டிரம் அடி பதிவிலேயே பெரிதாக வைத்திருப்பது. தாழ் ஒலி தரும் ஊஃபரைச் சும்மா ஊதிக் காட்டுகிற மலிவான செட்டில்கூட அது பிரமாதமாகத் தோன்றும். தவிர, அந்த இடத்தில் வேறு வாத்தியம் குறைவு. நெரிசலில் பாக்ஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாது. திருவிழாப் பாட்டும் கீபோர்டு இசையும் சினிமாப் பாட்டும் கேட்கப் போகிற வீட்டுக்கு நெரிசல்தான் முக்கியம். அதற்கு 1976 பதிவே சரியான பரீட்சை.

கடையில் செய்ய வேண்டியது இது. முதலில், "அண்ணாச்சி, பாஸ், ட்ரெபிள் எல்லாத்தையும் நடுவுல வச்சுருங்க, எஃபெக்டு ஏதும் இருந்தா ஆஃப் பண்ணிருங்க" என்று சொல்லிவிட வேண்டும். புளூடூத்தில் வேண்டாம், வயரில் கொடுக்கச் சொல்லுங்கள். 1976 பதிவை முதல் வினாடியிலிருந்து போடுங்கள். 12 கம்பி கிட்டாரில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு கம்பியாகக் கேட்க வேண்டும், ஒன்றாகக் குழம்பினால் உயர் ஒலி தரும் ட்வீட்டர் சரியில்லை. தகரம் உரசுவது போல் காதைக் குத்தினால் அதுவும் சரியில்லை. சுமார் 52-வது வினாடியில் குரல் நுழையும். ஹென்லி இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ குரல் இரண்டு பாக்ஸிலுமாகப் பரந்து உள்ளீடற்றுக் கேட்டாலோ, ஒரு பாக்ஸின் சிவப்பும் கறுப்பும் மாறிச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் இது அடிக்கடி நடக்கும். மாற்றியதும் பாஸும் திரும்பி வந்துவிடும். பல்லவியில் பின்குரல்கள் முன்குரலுக்குப் பின்னால் அடுக்காக நிற்க வேண்டும். கடைசியாக 5:30-க்குப் பிறகு சத்தத்தைக் கூட்டுங்கள். இரண்டு கிட்டாரும் சேர்ந்து இறங்குகிற இடத்தில், அடியில் பேஸ் கிட்டார் நடந்துகொண்டே இருக்கும். அந்த நடை தெரிகிறதா, அல்லது ஒரே உறுமலாகிவிட்டதா? தெரிந்தால் பாக்ஸ் நல்ல பாக்ஸ். இதையெல்லாம் பார்த்தபின் 1994 பதிவைப் போட்டு அந்த டிரம் அடியைக் கேளுங்கள், ஊஃபர் எவ்வளவு ஆழம் போகிறது என்று மட்டும் தெரிந்துகொள்ள.

கடையில் நன்றாகக் கேட்டது வீட்டில் ஏன் கெடுகிறது என்ற குறைக்குப் பெரும்பாலும் பாக்ஸ் காரணமல்ல. கடை தெருப்பக்கம் திறந்தது, தாழ் ஒலி வெளியே ஓடிவிடும். நம் வீட்டு அறை 10 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. 12 அடி நீளத்துக்குள் ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸ் ஒலி தானாகப் பெருகும். 10 அடி அகலத்திலும் உயரத்திலும் 57 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒரே அளவு என்பதால் அது இரட்டிப்பாகும். இந்தப் பாட்டின் கார்டுகளுக்குரிய தாழ்ந்த பேஸ் ஸ்வரங்களைப் பாருங்கள்: எஃப் ஷார்ப் 46 ஹெர்ட்ஸ், ஜி 49, ஏ 55. மூன்றும் அறை பெருக்கும் இடத்திலேயே விழுகின்றன. எட்டு பார் சுற்றில் சில கார்டில் மட்டும் ஜன்னல் அதிர்வது இதனால்தான்.

திரைச்சீலை போட்டால் இது தீராது. 50 ஹெர்ட்ஸை எந்தத் துணியும் உறிஞ்சாது. பாக்ஸை மூலையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி விலக்குங்கள். இரண்டு சுவரிலிருந்தும் ஒரே அளவு தூரம் வேண்டாம், ஒன்றுக்கு ஒன்றரை அடி என்றால் மற்றதற்கு இரண்டேகால். உட்காரும் நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டாமல், அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் போடுங்கள். பாதிக் குறை தீர்ந்துவிடும்.

எந்த வடிவில் வாங்குவது? ஸ்ட்ரீமிங்கில் 2013 ரீமாஸ்டர் (ஒலியைச் சீர்செய்த பதிப்பு) கிடைக்கிறது, நன்றாக இருக்கிறது. 320 கேபிபிஎஸ்-ல் இறக்கினால் இந்த ஒரு பாட்டு 15.6 எம்பி வரும். உங்கள் போனில் இருப்பது 4 எம்பி ஃபைல் என்றால் அதில் 12 கம்பி ஜோடியைத் தேட வேண்டாம். 40-ஆம் ஆண்டை ஒட்டி 2017-ல் வந்த பதிப்பில், ஆல்பம் வெளிவரும் முன்பே 1976 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் வாசித்ததும் உண்டு. ஸ்டுடியோவில் ஒட்டியதை அதே ஆட்கள் மேடையில் எப்படித் தூக்கினார்கள் என்று கேட்க அது நல்லது.

எல்பி இசைத்தட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. பாட்டு முதல் பக்கத்தின் முதல் பாட்டு, தட்டின் வெளி விளிம்பில். 33⅓ சுற்றில் விளிம்பில் ஊசி நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பயணிக்கும், உள்பக்கம் வரும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே கூர்மையான உயர் ஒலி நிறைந்த பாட்டுக்கு விளிம்புதான் நல்ல இடம். அதே காரணத்தால் பழைய தட்டில் அதிகம் தேய்ந்திருப்பதும் இந்தப் பாட்டுதான். ஊசியைக் கைதவறிப் போட்ட கீறலும் அங்கேதான் இருக்கும். பழைய தட்டு வாங்கினால் விளக்கைச் சாய்த்துப் பிடித்து முதல் ஒரு அங்குலத்தைப் பாருங்கள். கறுப்பு மினுக்கம் போய்ச் சாம்பல் பூத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

நம் மாவட்டத்தில் தட்டுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் கடல் காற்று. அட்டை உறையை மட்டும் நம்பாமல் உள்ளே பாலித்தீன் உறை போட்டு, சிமென்ட் சுவரில் படாத அலமாரியில் நிறுத்தி வையுங்கள். வெள்ளைப் புள்ளி பட்டால், காய்ச்சி வடித்த நீர் நாலு பங்கு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் தட்டின் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே துடைத்தால் கீறும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு வரிக்குள் தங்கி ஊசியில் சடசடக்கும். தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகளுக்கு ஆல்கஹால் ஆகாது, அரக்கு கரைந்துவிடும்.

கேசட் கையில் இருந்தால் ரீலின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் ஓட்ட வேண்டாம், ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பழைய பிளேயரில் பெல்ட் தளர்ந்து வேகம் 6 சதவீதம் குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் இறங்கும். கேசட்டைக் கேட்டு இந்தப் பாட்டை பி ஃப்ளாட் மைனரில் படித்தவர்கள் இருந்தால் காரணம் அதுதான்.

இனி வாசிக்கிறவர்களுக்கு. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் கேரல் ரவுண்டுக்கும் கிட்டார் தூக்குகிற பிள்ளைகள் இங்கே நிறைய. பாரே கார்டு பிடிபட்டதும் கைவைக்கும் முதல் ராக் பாட்டு பெரும்பாலும் இதுதான். சுற்று எட்டு கார்டு, ஒரு பாருக்கு ஒன்று: பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, இ, ஜி, டி, இ மைனர், எஃப் ஷார்ப். முன்னுரையில் இரண்டு சுற்று, சரணமும் இதே, கடைசி கிட்டார் பகுதியும் இதே. பல்லவிக்கு மட்டும் ஜி, டி, எஃப் ஷார்ப், பி மைனர், ஜி, டி, இ மைனர், எஃப் ஷார்ப். அவ்வளவுதான் முழுப் பாட்டும். ஆறரை நிமிடம் அலுக்காமல் போவதன் ரகசியமும் இதில் இருக்கிறது. சுற்றின் கடைசி கார்டான எஃப் ஷார்ப், முதல் கார்டான பி மைனரை இழுத்துக்கொண்டே இருக்கும், எங்கேயும் முற்றுப்புள்ளி கிடையாது. படிக்கிற பிள்ளைக்கு ஒரே சுற்றில் மேஜரும் மைனரும் பாரேயும் கிடைத்துவிடுகிறது. ஆசிரியர்கள் இதை விடாததும் அதனால்தான்.

ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் பிடிகள் இப்படி மாறும்: இ மைனர், பி, டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி. வேகம் நிமிடத்துக்கு சுமார் 74 பீட். மெட்ரோனோமில் வைத்துக் கேட்டால் எவ்வளவு மெதுவென்று தெரியும். மேடையில் ஏறினால் பிள்ளைகள் 82-க்குப் போய்விடுகிறார்கள், ரெகே வெட்டு உடனே கரைந்துவிடும். ஈகிள்ஸே ஒரு முழுப் பதிவை வேகத்துக்காகத் தூக்கிப் போட்டார்கள் என்பதை டிரம்ஸ் அடிக்கிற பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

கேப்போ ஏழில் நிற்கும்போது கிட்டாரின் எல்லாக் குறையும் வெளிச்சத்துக்கு வரும். அதிரும் கம்பி நீளம் (ஸ்கேல்) 650 மி.மீ. உள்ள கிட்டாரில், கழுத்தின் மேல்முனையிலுள்ள நட்டிலிருந்து ஏழாவது ஃப்ரெட் 216 மி.மீ. தள்ளி, மிச்சம் அதிரும் கம்பி 434 மி.மீ. கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயரமாக நின்றால், கேப்போ அழுத்தும்போதே எல்லாம் சுருதி ஏறிவிடும், அதுவும் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு அளவு. 12-வது ஃப்ரெட்டில் தடித்த இ கம்பிக்கு அடியில் 2.2 முதல் 2.5 மி.மீ., மெல்லிய இ கம்பிக்கு அடியில் 1.8 மி.மீ. போதும். கூடுதலாக இருந்தால் முதலில் திருக வேண்டியது கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடு. கழுத்தின் வளைவு ஏழாவது ஃப்ரெட் பக்கம் 0.2 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் திருகு, பிறகு ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின்தான், உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சாடிலின் அடிப்பக்கம் தேய்ப்பது. ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் 12-வது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். கேப்போவைப் போட்ட பிறகு மறுபடி ஒருமுறை சுருதி சேர்க்காமல் வாசிக்கவே கூடாது. ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் கேப்போ நிற்க வேண்டும், நடுவில் போட்டால் இழுக்கும்.

12 கம்பி கிட்டார் வைத்திருக்கிறவர்கள் பலர் இழுவிசைக்குப் பயந்து ஒரு முழு ஸ்வரம் இறக்கிக் கட்டுவார்கள். லைட் செட் போட்டாலும் மொத்த இழுவிசை நூறு கிலோவைத் தாண்டும், பயம் நியாயம்தான். ஆனால் அப்படி இறக்கினால் இந்தப் பாட்டுக்கு கேப்போ ஒன்பதாவது ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும், விரல் வைக்க இடமிருக்காது. ஆகவே இந்தப் பாட்டுக்காக முழுச் சுருதிக்கு ஏற்றி, வாசித்து முடித்ததும் இறக்கிவிடுவதே நல்லது. முதலில் அறுந்துபோவது ஜி ஜோடியின் மெல்லிய கம்பி, 0.008 அங்குலம்தான். அதில் இரண்டு உபரியாக வைத்திருங்கள்.

கொளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் கடலோரத்தில் சுற்றப்படாத எஃகுக் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் கம்பியின் மேலும் கீழும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் ஃப்ரெட்டும் பச்சை பூக்கும். கோட்டட் கம்பி விலை கூட என்றாலும் கடலோரத்தில் கட்டுப்படியாகும். மழைக்காலத்தில் மேல்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரம் ஏறும். அப்போது அவசரப்பட்டு சாடிலைத் தேய்த்துவிட்டால் வெயிலில் பலகை இறங்கியதும் கம்பி ஃப்ரெட்டில் தட்டும். ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்த கிட்டாரைக் கொளச்சலுக்குக் கொண்டுபோனாலும் இதே மாற்றம் தெரியும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சின்ன ஈரமானியும் போட்டு, 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள்.

12 கம்பி கிட்டார் இல்லாத குழுவுக்கு மலிவான வழி உண்டு. 10–47 அளவு 12 கம்பி செட் ஒன்று வாங்கி, அதிலுள்ள மெல்லிய ஆறு கம்பிகளை மட்டும் ஒரு சாதாரணக் கிட்டாரில் கட்டுங்கள்: 0.010, 0.014, 0.008, 0.012, 0.018, 0.027. கடைசி நாலும் வழக்கத்தைவிட ஒரு ஸ்தாயி மேலே நிற்கும். ஒருவர் இதிலும் இன்னொருவர் வழக்கமான கிட்டாரிலும் ஒரே பிடியை, ஒரே கேப்போவில் வாசித்தால் 12 கம்பி கேட்கும். இரண்டு பேரும் சரியாகச் சேர்ந்து விழ வேண்டும், அதுதான் சிரமம்.

ஒரு வார்த்தை, ஆலய இளைஞர் குழுக்களில் இன்னும் சுற்றுகிற பேச்சைப் பற்றி. இது சாத்தான் வழிபாட்டுப் பாட்டு, உள் அட்டையில் மாடியில் நிற்பது சாத்தான் சபைத் தலைவர் என்பது அமெரிக்காவில் கிளம்பிய வதந்தி. ஆதாரம் கிடையாது. முன் அட்டையில் இருப்பது பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல். பணமும் போதையும் பளபளப்பும் ஒரு மனிதனை உள்ளே இழுத்து வெளியே விடாமல் பிடிப்பதுதான் பாட்டின் கதை. வெகுளித்தனத்திலிருந்து அனுபவத்துக்குப் போகும் பயணம் என்று ஹென்லியே சொல்லியிருக்கிறார். பிரசங்க மேடையில் கேட்கிற எச்சரிக்கைதான், வேறு மொழியில்.

மேடையில் வாசிக்கிற குழுக்கள் தடுமாறும் இடம் இன்னொன்று, முடிவு. 1976 பதிவு மங்கி மறைகிறது, மேடையில் மங்க முடியாது. கிட்டார் இறக்கத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்து ஒவ்வொருவராக நின்றுவிடுவது நன்றாக இருக்காது. இதற்கு 1994 பதிவைக் கேளுங்கள், ஆட்கள் முன்னால் வாசித்தது என்பதால் அதில் முடிவு உண்டு. கடைசிச் சுற்று என்பதை டிரம்ஸ் ஒரு பார் முன்பே காட்ட வேண்டும். எட்டாவது பாரின் எஃப் ஷார்ப்பில் எல்லாரும் கொஞ்சம் தாமதித்து, பி மைனரில் ஒன்றாக விழுந்து, கம்பி தானாக அடங்கும்வரை கையை வைக்காமல் விட்டுவிடுங்கள்.